வெயிலில் வைத்த மைக்ரோகண்ட்ரோலர் ஏன் பேட்டரியைக் குடிக்கிறது: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் சின்னதாக ஒரு எலக்ட்ரானிக்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். பேட்டரியில் ஓடும் சென்சார் பெட்டிகள்தான் பெரும்பாலான வேலை. ஒவ்வொன்றிலும் மைக்ரோகண்ட்ரோலர் என்ற குட்டிக் கணினிச் சிப் ஒன்று இருக்கும், அளந்துவிட்டு மீதி நேரம் தூங்கும். தண்ணீர்த் தொட்டியின் மட்டம், ஜவ்வரிசி காயும் களத்தின் சூடு, ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து மண் ஈரம், இப்படி. மார்ச் பிறந்தால் போன் அடிக்க ஆரம்பிக்கும். "ரெண்டு வருஷம் வரும்னீங்க, ஆறு மாசத்துல போச்சுங்க" என்பார்கள். பாதிப் பேர் ஆலைக்காரர்கள், தோட்டக்காரர்கள். மீதிப் பேர் ஃபைனல் இயர் புராஜெக்ட் செய்யும் பிள்ளைகள். ஒரே சந்தேகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்ட வாக்கிலேயே இருக்கின்றன.

"அண்ணா, சிப் தூங்கும்போது கரண்டே எடுக்காதுன்னு படிச்சேன். நடுவுல வெயில் எதுக்கு வருது?"

சிப் எடுக்கும் கரண்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வேலை செய்யும்போது செலவாவது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் மாறி மாறித் திறந்து மூடும்போது ஆகிற செலவு இது. கெப்பாசிட்டன்ஸ், வோல்டேஜின் வர்க்கம், கிளாக் வேகம் (செகண்டுக்கு எத்தனை துடிப்பு) மூன்றையும் பெருக்கினால் இந்தச் செலவு வரும். இதில் வெயிலுக்குப் பெரிய பங்கு கிடையாது.

இன்னொன்று கசிவு. மூடிய டிரான்சிஸ்டர் முழுசாக மூடுவதில்லை, வாசர் தேய்ந்த குழாய் மாதிரி சொட்டிக்கொண்டே இருக்கும். சூடு ஏற ஏற டிரான்சிஸ்டர் திறப்பதற்கு வேண்டிய வோல்டேஜ் டிகிரிக்கு ஒன்றிரண்டு மில்லிவோல்ட் வீதம் இறங்குகிறது. 'மூடு' என்று சொன்னதும் கரண்ட் எவ்வளவு செங்குத்தாக விழவேண்டுமோ அந்தச் செங்குத்தும் மழுங்குகிறது. இரண்டும் சேர்ந்தால் கசிவு கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். ஒரு டிரான்சிஸ்டரில் அது ஒன்றுமே இல்லை. சிப்புக்குள் லட்சக்கணக்கில் இருக்கின்றனவே.

சென்சார் பெட்டி தன் ஆயுளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் தூங்கியே கழிக்கும். அதனால் தூக்கத்தில் சொட்டுவதுதான் பேட்டரியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

"எவ்வளவு கூடும்? குத்துமதிப்பா ஒரு கணக்கு சொல்லுங்க."

பத்து டிகிரிக்கு இரண்டு மடங்கு என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. பயப்பட வைக்க அது போதும், டிசைன் செய்யப் போதாது. எம்எஸ்பி430ஜி2553 என்ற சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கிளாக்கும் நின்ற ஆழ்ந்த தூக்கத்தில் 25 டிகிரியில் 0.1 மைக்ரோஆம்பியர், 85 டிகிரியில் 0.8 என்று அதன் டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் விவரக் குறிப்பு) சொல்கிறது. வாய்ப்பாட்டின்படி 60 டிகிரி ஏறினால் 64 மடங்கு ஆகியிருக்க வேண்டும், ஆனது 8 மடங்குதான். அந்த 0.1 முழுக்கக் கசிவு இல்லை என்பது ஒரு காரணம். சூட்டுக்கு அசையாத சின்னச் சின்னச் சர்க்யூட்டுகளும் அதில் சேர்ந்திருக்கும். சிப்புக்குச் சிப் இது வேறுபடும், ஆகவே உங்கள் சிப்பின் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

இதன் விளைவை ஒரு காயின் செல்லில் போட்டுப் பாருங்கள். சிஆர்2032 செல்லில் ஏறக்குறைய 225 மில்லிஆம்பியர்-மணி இருக்கும். பெட்டி மொத்தமாகச் சராசரி 5 மைக்ரோஆம்பியர் எடுத்தால் 45,000 மணி நேரம், அதாவது ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் மேல். அதுவே சூட்டில் 15 ஆனால் ஒன்றே முக்கால் வருடத்துக்கும் குறைவு. நீங்கள் புரோகிராமில் ஒரு வரிகூட மாற்றவில்லை.

"டேட்டாஷீட்டோட முதல் பக்கத்துலயே 0.1 மைக்ரோஆம்பியர்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கானே?"

முதல் பக்கம் கல்யாணப் பத்திரிகை மாதிரி, நல்லதை மட்டும் போடும். உள்ளே போய்ப் பாருங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் ஆர்டுயினோ போர்டில் கையில் வைத்திருக்கும் ஏடிமெகா328பி சிப்பில் அந்த 0.1 என்பது 3 வோல்டில், அறை வெப்பத்தில், வாட்ச்டாக் (குறித்த நேரத்தில் சிப்பை எழுப்பும், உறைந்தால் ரீசெட் செய்யும் உள் டைமர்) அணைந்த நிலையில் வரும் 'டிபிகல்', அதாவது வழக்கமான மதிப்பு. பக்கத்துப் பத்தியில் அதிகபட்சம் 2 என்று இருக்கும். வாட்ச்டாக் ஓடினால் டிபிகல் 4.2, அதிகபட்சம் 8.

வாட்ச்டாக் இல்லாமல் அந்தச் சிப் எப்படித் தானாக எழும்? வெளியிலிருந்து யாராவது எழுப்பினால்தான் உண்டு. ஆக, முதல் பக்கத்து எண் தானாக எழும் பெட்டிக்குக் கிடைக்காத எண். கடைசிப் பக்கங்களில் 25, 85 டிகிரிகளுக்குத் தனித்தனிக் கோடு போட்ட வரைபடங்கள் இருக்கும். நான் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

"சேலத்துல மிஞ்சிப்போனா 40 டிகிரி. சிப் 85 வரைக்கும் தாங்கும். அப்புறம் என்னங்க பயம்?"

40 என்பது நிழலில் இருக்கும் காற்றின் சூடு. உங்கள் பெட்டி நிழலில் இல்லை. ஒரு ஜவ்வரிசி ஆலையில் வைத்த பெட்டி ஒன்றைச் சொல்கிறேன். சிமெண்டுக் களத்தின் ஓரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு ஒரு சாண் கீழே, கறுப்பு பிளாஸ்டிக் டப்பா. தலைக்கு மேலே கூரை தகிக்கிறது, கீழே வெள்ளை மாவு பரப்பிய களம் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. மே மாத மத்தியானம் இரண்டு மணிக்கு ஏணி போட்டு ஏறித் திறந்தேன். உள்ளே ஒட்டியிருந்த தெர்மாமீட்டர் 63 காட்டியது. ஸ்க்ரூவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

85 வரை தாங்கும் என்றால் 85 வரை வேலை செய்யும் என்று பொருள். எவ்வளவு குடிக்கும் என்பதைப் பற்றி அந்த எண் வாயே திறப்பதில்லை. அந்த டப்பாவை வெள்ளை டப்பாவாக மாற்றி, கூரையை விட்டு இறக்கி, தூணின் வடக்குப் பக்கம் காற்று படும்படி வைத்தோம். அதே நேரத்தில் 47 ஆனது. பெரிய செலவில்லை. புரோகிராமில் என்ன வித்தை செய்தாலும் இந்தப் பதினாறு டிகிரி கொடுப்பதை வாங்குவது கஷ்டம். அதனால் போனில் யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "பெட்டி எங்கே தொங்குது?"

"சார், ஸ்லீப் கமாண்ட் போட்டாச்சு. இருந்தும் 8 மில்லிஆம்பியர் காட்டுது. இது வெயிலாலயா?"

இல்லை தம்பி, வெயில் மைக்ரோவில் பேசும், மில்லியில் பேசாது. நீங்கள் வைத்திருப்பது ரெடிமேட் போர்டு. அதில் வோல்டேஜை நிலையாக வைக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் சும்மா உட்கார்ந்திருக்கவே 5 மில்லிஆம்பியர் அளவுக்கு வாங்கும். பவர் எல்இடி இரண்டு மூன்று தின்னும். யுஎஸ்பி சிப் வேறு. மைக்ரோகண்ட்ரோலர் தூங்குகிறது, வீட்டில் மற்ற எல்லோரும் விழித்திருக்கிறார்கள்.

எல்இடியைப் பிடுங்குங்கள். ரெகுலேட்டரை எடுத்துவிட்டு எம்சிபி1700 போடுங்கள், அது 1.6 மைக்ரோஆம்பியரில் அடங்கும். இரண்டு ஏஏ செல்லில் ஓடுவதாக இருந்தால் ரெகுலேட்டரே வேண்டாம். அப்புறம், எதிலும் இணைக்காமல் அந்தரத்தில் விட்ட பின்கள். உள்ளீடாக இருக்கும் பின் மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் நடுவில் தொங்கினால் உள்ளே இரண்டு டிரான்சிஸ்டரும் பாதி திறந்து நின்றுவிடும். பயன்படுத்தாத பின்களை வெளியீடாக்கி லோ வைத்துவிடுங்கள். வோல்டேஜ் இறங்கினால் சிப்பை ரீசெட் செய்யும் பிரவுன்-அவுட் சர்க்யூட்டையும் தூங்கப் போகுமுன் அணையுங்கள். ஏடிமெகா328பியில் அது மட்டும் 20 மைக்ரோஆம்பியர் பக்கம் வாங்கும். இவ்வளவும் முடித்த பிறகு வெயிலைப் பற்றிப் பேசலாம்.

"கிளாக்கைக் குறைச்சா சூடும் குறையும், செலவும் குறையும்தானே?"

பாதி உண்மை. ஒரு வேலையை 8 மெகாஹெர்ட்ஸில் செய்தாலும் 1 மெகாஹெர்ட்ஸில் செய்தாலும் திறந்து மூடுகிற எண்ணிக்கை ஒன்றுதான். அந்தச் செலவு மாறாது. ஆனால் மெதுவாகச் செய்தால் சிப் எட்டு மடங்கு நேரம் விழித்திருக்கும். அந்த நேரம் முழுக்கக் கசிவும் உண்டு, ரெகுலேட்டரும் சென்சாரும் விழித்திருக்கும் செலவும் உண்டு. வெயிலில் இந்த இரண்டாவது பங்கு பெருத்துவிடும். வேகமாக முடி, சட்டென்று தூங்கு என்பதுதான் சூட்டில் செல்லுபடியாகும்.

கிளாக்கைக் குறைப்பதில் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. கிளாக் குறைந்தால் வோல்டேஜையும் குறைக்கலாம். 5 வோல்டிலிருந்து 3.3க்கு வந்தால், வர்க்கக் கணக்கில், வேலைச் செலவு பாதிக்கும் கீழே போகும், நூற்றுக்கு 44 அளவுக்கு. கசிவும் வோல்டேஜோடு சேர்ந்து இறங்கும். ஆனால் எல்லை உண்டு. ஏடிமெகா328பி 20 மெகாஹெர்ட்ஸ் ஓட 4.5 வோல்ட் கேட்கும், 10க்கு 2.7, 4க்கு 1.8. 16 மெகாஹெர்ட்ஸ் போர்டை 3.3 வோல்டில் ஓட்டி "ஓடுதுங்களே" என்பார்கள். டிசம்பரில் ஓடும். கடைசிக் கேள்வியில் இது திரும்ப வரும்.

"பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அனுப்பறதை ஒரு மணி நேரம்னு ஆக்கிட்டா பேட்டரி ஆறு மடங்கு வருமா?"

வராது. நிறையப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஒரு தடவை எழுந்து 5 மில்லிஆம்பியரில் நூறு மில்லிசெகண்ட் வேலை செய்தால், பத்து நிமிடத்துக்குப் பரப்பிப் பார்க்கையில் சராசரி 0.83 மைக்ரோஆம்பியர்தான். ஒரு மணி நேரமாக்கினால் 0.14. மிச்சம் பிடித்தது 0.7. தூக்கத்தில் 15 சொட்டிக்கொண்டிருக்கும்போது இந்த 0.7 எந்த மூலைக்கு?

ரேடியோ இருந்தால் கதை வேறு. 100 மில்லிஆம்பியரில் ஐம்பது மில்லிசெகண்ட் என்றால் பத்து நிமிடச் சராசரி 8.3 ஆகும். அப்போது இடைவெளியைக் கூட்டுவதில் அர்த்தம் இருக்கிறது. முதலில் இரண்டையும் தனித்தனியாகக் காகிதத்தில் எழுதுங்கள், எது பெரிதோ அதை அடியுங்கள்.

"ஆர்டுயினோ எல்லாம் பழசு, புது 32-பிட் சிப் போடுங்கன்னு காலேஜ்ல சொல்றாங்க. அது கம்மியா எடுக்குமா?"

விழித்திருக்கும்போது, ஆமாம், ஒரு வேலைக்கு ஆகும் செலவு குறைவு. சூட்டில் தூங்கும்போது அப்படிச் சொல்ல முடியாது. டிரான்சிஸ்டர் சிறுத்தால் கசிவு கூடும், எண்ணிக்கை கூடினாலும் கசிவு கூடும். ஈஎஸ்பி32 போன்ற சிப்புகள் 40 நானோமீட்டரில் செய்தவை, உள்ளே நூற்றுக்கணக்கான கிலோபைட் ரேம். அவற்றின் டீப் ஸ்லீப் 10 மைக்ரோஆம்பியர் என்பது நினைவகத்தின் பெரும்பகுதியையும் கணக்குப் போடும் கோர் பகுதியையும் துண்டித்துவிட்டபின் கிடைக்கும் எண். துண்டிக்காமல் லைட் ஸ்லீப்பில் விட்டால் 0.8 மில்லிஆம்பியர், அதுவும் அறை வெப்பத்தில்.

சொல்ல வருவது இதுதான்: புதுச் சிப்பில் எந்தத் தூக்கம் என்பதை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரேமை வைத்துக்கொண்டு தூங்கினால் அந்த ரேம் முழுக்கக் கசியும். சில சிப்புகளில் ரேமைத் துண்டு துண்டாக அணைக்கலாம், வேண்டிய நாலு கிலோபைட்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அணையுங்கள். களத்துச் சூட்டை அளந்து எழுதிவைக்கிற சின்ன வேலைக்கு நான் இன்னும் பழைய 8-பிட் சிப்பைத்தான் போடுகிறேன். பழைய ஆள், வெயில் தாங்குவான்.

"எல்லாம் பண்ணியாச்சு. சிப்பைக் கழட்டிட்டேன், அப்பவும் சூட்டுல கரண்ட் ஏறுது. பேய் கீய் இருக்கா?"

இருக்கிறது, சிப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. மேலே சொன்ன களத்துப் பெட்டியோடு சேர்த்துப் பன்னிரண்டு பெட்டி செய்தேன். பட்டறை மேஜையில் எல்லாம் அடக்கமாக இருந்தன. சூடாக்கினால் ஒவ்வொன்றும் 50 மைக்ரோஆம்பியருக்கு மேல் போனது. நான் இரண்டு நாள் புரோகிராமையே திட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் செய்ததுபோல் சிப்பைக் கழற்றிய பிறகுதான் புத்தி வந்தது.

முதல் குற்றவாளி பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், 1000 மைக்ரோஃபாரட். இந்த வகையின் கசிவு வரம்பையே கெப்பாசிட்டன்ஸ், வோல்டேஜ் இரண்டின் பெருக்கலில் நூற்றில் ஒரு பங்கு என்று போடுவார்கள். 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் என்றால் 160 மைக்ரோஆம்பியர் வரை அவன் கசியலாம், நாம் கேட்க முடியாது. நல்ல கெப்பாசிட்டர் அதைவிட எவ்வளவோ குறைவாகத்தான் கசியும், ஆனால் சூட்டில் அது ஏறும். தேவைக்கு மேல் பெரிய கெப்பாசிட்டர் போட்டது என் தப்பு. அதைச் சின்ன செராமிக்காக மாற்றினேன், எக்ஸ்7ஆர் வகை 125 டிகிரி வரைக்குமானது.

இரண்டாவது, சோலார் தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருந்த, குறைந்த வோல்டேஜே விழும் ஷாட்கி வகை டயோடு. கடையில் டயோடு கேட்டால் 1என்5819 கொடுப்பார்கள். ரிவர்ஸில் முழு 40 வோல்ட் கொடுத்தால் 25 டிகிரியில் 1 மில்லிஆம்பியர், 100 டிகிரியில் 10 மில்லிஆம்பியர் வரை கசியலாம் என்று அதன் டேட்டாஷீட்டே சொல்கிறது. நம்முடைய நாலு வோல்டில் அவ்வளவு வராது, ஆனால் போகும் திசை அதுதான். சாயங்காலம் தகடு இருண்ட பிறகும் பெட்டி சூடாகவே இருக்கும். பேட்டரியிலிருந்து தகட்டுக்குத் திரும்ப ஓடுவது அந்த நேரத்தில்தான். சாதா சிலிக்கான் டயோடு போட்டால் 0.6, 0.7 வோல்ட் விழும், கசிவு பல மடங்கு குறையும். பி-சேனல் மாஸ்ஃபெட் (சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) தெரிந்தவர்கள் அதைப் போடலாம்.

மூன்றாவது, பேட்டரி வோல்டேஜை அளக்கப் போட்ட இரண்டு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர். 4.2 வோல்டில் 21 மைக்ரோஆம்பியர், இருபத்துநாலு மணி நேரமும். இது சூட்டுக்குச் சம்பந்தமில்லாத தண்டச்செலவு. கீழ் ரெசிஸ்டரைச் சிப்பின் பின்னில் கட்டி, தூங்கும்போது துண்டித்துவிடலாம் என்று சிலர் புத்திசாலித்தனம் செய்வார்கள். அப்போது அளக்கும் பின் முழு 4.2 வோல்டுக்கு ஏறும், 3.3 வோல்ட் சிப்பின் பாதுகாப்பு டயோடு வழியாகக் கரண்ட் உள்ளே நுழையும். இரண்டையும் 1 மெகா ஓம் ஆக்கி, அளக்கும் பின்னில் 100 நானோஃபாரட் ஒன்று வையுங்கள், 2.1 ஆகிவிடும்.

"மீட்டரை வச்சா சிப் ரீசெட் ஆகுது. நீங்க எப்படித்தான் அளக்கறீங்க?"

சாதா மல்டிமீட்டரில் 2000 மைக்ரோஆம்பியர் ரேஞ்சில் உள்ளே நூறு ஓம் அளவுக்கு ரெசிஸ்டர் இருக்கும். சிப் எழுந்து 30 மில்லிஆம்பியர் கேட்டால் 3 வோல்ட் மீட்டரிலேயே விழுந்துவிடும். சிப்புக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

பேட்டரி வயரில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதற்குக் குறுக்கே ஒரு சுவிட்ச். சுவிட்சை மூடி வைத்து ஆன் செய்யுங்கள். சிப் தூங்கியதும் சுவிட்சைத் திறந்து, ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் மில்லிவோல்ட் பாருங்கள். ஒரு மில்லிவோல்ட் என்றால் ஒரு மைக்ரோஆம்பியர். எழும் நேரத்துக்கு முன் சுவிட்சை மூடிவிட வேண்டும், அவ்வளவுதான்.

சூட்டுக்கு ஹேர் டிரையர் வேண்டாம், எந்த இடம் எத்தனை டிகிரி என்று தெரியாது. என்னிடம் மீன் வண்டிக்காரர் போட்டுவிட்டுப் போன தெர்மோகோல் பெட்டி ஒன்று இருக்கிறது. (முதல் வாரம் பட்டறைக்குள் யாரும் வரவில்லை.) உள்ளே 40 வாட் குண்டு பல்பு, பல்புக்கும் போர்டுக்கும் நடுவில் ஒரு தகரம், ஒரு தெர்மாமீட்டர். வெளிச்சம் போர்டில் படக்கூடாது, கண்ணாடி உடம்பு டயோடுகளில் வெளிச்சம் பட்டாலே கரண்ட் பிறக்கும். 35, 45, 55, 65 என்று நிறுத்தி, ஒவ்வொரு இடத்திலும் கால் மணி நேரம் பொறுத்து எழுதுங்கள். பல்பைத் தெர்மோகோல் தொடாமல் வையுங்கள், பக்கத்திலேயே இருங்கள். எந்த டிகிரியில் கோடு மேலே வளைகிறது என்று தெரிந்துவிட்டால், எந்தப் பாகம் என்பதை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கண்டுபிடிக்கலாம்.

"தூங்க வைக்கறதுக்குப் பதிலா சப்ளையையே கட் பண்ணிட்டா?"

சூட்டுக்கு அதுதான் ராஜ வைத்தியம். கரண்ட் இல்லாத சிப் கசியாது. டிபிஎல்5110 என்று ஒரு டைமர் இருக்கிறது, தனக்கு அறை வெப்பத்தில் 35 நானோஆம்பியர் எடுத்துக்கொண்டு, ரெசிஸ்டரால் செட் செய்த நேரத்துக்கு ஒரு தடவை மாஸ்ஃபெட்டைத் திறந்துவிடும். அதிகபட்சம் இரண்டு மணி நேர இடைவெளி வைக்கலாம். வேலை முடிந்ததும் சிப் ஒரு பின்னைத் தூக்கினால் மூடிவிடும்.

விலை என்னவென்றால், ஒவ்வொரு தடவையும் சிப் புதிதாகப் பிறக்கிறது. ரேமில் இருந்தது போய்விடும். எண்ணிக்கையை, கரண்ட் போனாலும் அழியாத ஈப்ராம் நினைவகத்தில் எழுதலாம் என்பீர்கள். ஏடிமெகாவின் ஈப்ராமில் ஒரு இடத்தில் 1 லட்சம் தடவை எழுதலாம். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 144, இரண்டு வருடத்துக்குள் அந்த இடம் தேய்ந்துவிடும். இடம் மாற்றி மாற்றி எழுதுங்கள், இல்லை எளிதில் தேயாத எஃப்ராம் நினைவகச் சிப் வாங்குங்கள். சென்சாரை மட்டும் கட் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: டேட்டா பின்னை ஹை வைத்துவிட்டுச் சப்ளையை எடுத்தால், அந்தப் பின் வழியாகவே சென்சார் திருட்டுத்தனமாகக் கரண்ட் வாங்கும். டேட்டா பின்களையும் லோ ஆக்குங்கள்.

"ஏனுங்க, ஏற்காட்டுல குளுருதானே? கீழ சேலத்துல வச்சது ஓடுது, எஸ்டேட்ல வச்சது மூணு மாசத்துல செத்துப்போச்சுங்களே?"

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி 1,500 மீட்டருக்குப் போனதும் இதுவரை சொன்ன கசிவுக் கதை அடங்கிவிடும். அங்கே கசிவது சிப் இல்லை, போர்டு. மஞ்சுமூட்டம் பெட்டிக்குள் புகுந்து விடியற்காலையில் போர்டின் மேல் நீராக ஒட்டும். சால்டர் செய்தபின் துடைக்காமல் விட்ட ஃப்ளக்ஸ் பசை அந்த ஈரத்தைக் குடித்துப் பின்களுக்கு நடுவில் பாலம் போடும். எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு போர்டை லென்ஸில் பார்த்தேன். கிரிஸ்டலின் இரண்டு கால்களுக்கு நடுவே பச்சைப் பாசி மாதிரி செம்பு பூத்திருந்தது. மேலே சொன்ன 1 மெகா ஓம் ரெசிஸ்டர்கள் அங்கே காட்டும் வோல்டேஜையும் நம்ப முடியாது, ஈரமே அவற்றுக்கு இணையாக ஒரு ரெசிஸ்டர் ஆகிவிடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நன்றாகக் கழுவி, காயவைத்து, கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் தடுக்கும் பூச்சு) அடியுங்கள். வயர் நுழையும் துளை பெட்டியின் அடியில் இருக்கட்டும்.

இன்னொரு காரணம் ரேடியோ. சில்வர் ஓக்கும் மிளகுக் கொடியும் காப்பிச் செடியும் தாண்டி சிக்னல் போக வேண்டும் என்று லோரா என்ற தொலைதூர ரேடியோவில் எஸ்எஃப்12 வைத்திருப்பீர்கள் (எஸ்எஃப் எண் கூடினால் தூரம் கூடும், அனுப்பும் நேரமும் கூடும்). இருபது பைட் அனுப்ப எஸ்எஃப்7இல் 57 மில்லிசெகண்ட் ஆவது, எஸ்எஃப்12இல் 1.3 செகண்ட் ஆகும். 29 மில்லிஆம்பியரில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் சராசரி 2.8இலிருந்து 63 மைக்ரோஆம்பியர். சிக்னலை வாங்கும் கேட்வேயை மேட்டுக்கு ஏற்றி எஸ்எஃப் குறையுங்கள். இடைவெளியைக் கூட்டுவது பலன் தரும் இடமும் இதுதான்.

"சூட்டுல கசிவு, கசிவால இன்னும் சூடு, இப்படியே ஏறி எரிஞ்சிடாதா?"

மைக்ரோகண்ட்ரோலரில் நடக்காது. 100 மைக்ரோஆம்பியர் கசிந்தாலும் 3.3 வோல்டில் அது 0.33 மில்லிவாட். சிப்பின் சூடு அதனால் ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்கு ஏறினால் அதிகம்.

ரெகுலேட்டரின் சூடு வேறு கதை. 12 வோல்டை 5 ஆக்கி 50 மில்லிஆம்பியர் வாங்கினால் 0.35 வாட் வெறும் சூடாகப் போகிறது. செம்புப் பரப்பு குறைந்த போர்டில் முப்பது டிகிரி வரை ஏறும், பக்கத்தில் இருக்கும் சிப்பையும் சேர்த்து வறுக்கும். மின்சாரத்தில் ஓடும் பெட்டியாக இருந்தாலும் அங்கே, அதிகம் சூடாகாமல் வோல்டேஜை இறக்கும் பக் கன்வர்ட்டர் போடுவது நல்லது.

"பேட்டரி எது போடலாம்? சோலார் வச்சா கவலை இல்லைதானே?"

சோலார் வைத்தால் கவலை இடம் மாறும். லித்தியம்-அயான் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றும் வரம்பு பொதுவாக 45 டிகிரி. தகடு நன்றாக வேலை செய்யும் மத்தியானத்தில்தான் பெட்டி 60இல் இருக்கும். சின்ன டிபி4056 சார்ஜர் போர்டுகளில் வெப்பம் பார்க்கும் பின்னைத் தரையில் கட்டியே விற்கிறார்கள், அதற்குச் சூடு தெரியவே தெரியாது. சூட்டை உணரும் தெர்மிஸ்டர் கட்டிச் சார்ஜை நிறுத்துங்கள், அல்லது லித்தியம்-அயர்ன்-பாஸ்பேட்டுக்குப் போங்கள், சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். செல்லைச் சிப்போடு ஒரே பெட்டியில் வைக்காமல் கீழே நிழலில் தனியாக வைத்தால் இன்னும் நல்லது.

சார்ஜ் வேண்டாதவற்றில் லித்தியம்-தயோனைல்-குளோரைடு செல் 85 டிகிரி வரை ஓடும். ஆனால் சும்மா கிடந்தால், அதுவும் சூட்டில், உள்ளே ஒரு படலம் படியும். முதல் தடவை ரேடியோ இழுக்கும்போது வோல்டேஜ் தடாலென்று விழும். பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டர் வேண்டும், அதன் கசிவை மேலே சொன்ன தெர்மோகோல் பெட்டியில் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

"எழும்பற நேரம் வெயில்ல தள்ளித் தள்ளிப் போகுது. அதுக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்?"

கேட்வே பேசும் நேரத்தில் கேட்க வேண்டிய பெட்டியாக இருந்தால் நேரடிச் சம்பந்தம் உண்டு. சிப்பின் உள் ஆர்சி ஆசிலேட்டர் (கிரிஸ்டல் இல்லாமல் நேரம் எண்ணும் சர்க்யூட்) சூட்டில் ஐந்து சதவீதம் தள்ளினால் பத்து நிமிடத்தில் முப்பது செகண்ட் பிழை. அந்த முப்பது செகண்டும் ரேடியோவைத் திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டும், மற்றதில் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விடும். 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் 60 டிகிரியில் பத்து லட்சத்தில் 42 பங்கு மெதுவாகும், பத்து நிமிடத்துக்கு 25 மில்லிசெகண்ட். இதைவிடத் துல்லியம் வேண்டுமென்றால் டிஎஸ்3231 என்ற கடிகாரச் சிப் போடலாம், பேட்டரியில் 0.84 மைக்ரோஆம்பியர்தான் வாங்கும்.

"செலவெல்லாம் சரியா இருக்கு. ஆனா மத்தியானம் ரெண்டு மணிக்கு மட்டும் ரீசெட் ஆகி ரீசெட் ஆகிப் பேட்டரி தீருது. காலையில எந்தத் தொந்தரவும் இல்லை."

போர்டில் இருக்கும் கிரிஸ்டலைப் பாருங்கள். 16 என்று எழுதியிருந்து, சப்ளை 3.3 வோல்டாக இருந்தால், கிளாக் கேள்வியில் சொன்ன எல்லையைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். சூட்டில் டிரான்சிஸ்டர் கசிவதோடு மந்தமும் ஆகும், குளிரில் எட்டிப்பிடித்த கிளாக்கை மத்தியானத்தில் எட்ட முடியாமல் தடுக்கி விழும். வாட்ச்டாக் எழுப்பும், திரும்ப விழும். ஒவ்வொரு எழுச்சிக்கும் ரேடியோ புதிதாக இணையப் பார்க்கும். சாயங்காலத்துக்குள் ஒரு மாதச் செலவு ஆகிவிடும்.

உள் ஆசிலேட்டரில் 8 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, பிரவுன்-அவுட்டை 2.7 வோல்டில் வைத்து, அதே தெர்மோகோல் பெட்டியில் 65 டிகிரியில் ஒரு மணி நேரம் விடுங்கள். அப்போதும் விழுந்தால் போர்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். வரும்போது பெட்டி தொங்கிய இடத்தை ஒரு போட்டோ எடுத்துவிட்டு வாருங்கள்.